தண்ணித் தொட்டிகிட்டப் போனாத்தான் டவர் கிடைக்குதுங்க!

இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நெம்பரை வைத்துக்கொண்டு கம்பெனியை மட்டும் மாற்றுவது, நம்ம பக்கம் எல்லோரும் ‘போர்ட் பண்றது’ என்று சொல்வது. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் ரீசார்ஜ் விலையை ஏற்றினதில் இருந்தே இந்தக் கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன, அதனால் இந்த இதழின் பக்கம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஏனுங்க, காங்கேயத்துல இருந்து தாராபுரம் போற வழியில எங்க தோட்டம். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க நல்லா இருக்குன்னு சொன்னாங்கன்னு நானும் மாமனாரும் மூணு வாரத்துக்கு முந்தி கம்பெனி மாறுனோம். இப்ப வீட்டுக்குள்ள டவரே இல்லீங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டிகிட்டப் போய் நின்னாத்தான் ரெண்டு கோடு காட்டுது. வீட்டுக்காரர் திருப்பூர்ல நைட் ஷிப்ட். ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிடறேன்னு சொன்னார்னா டார்ச் எடுத்துட்டுத் தொட்டிக்கு ஓடணும். பழைய கம்பெனிக்கே போறேன்னா கடைக்காரர் 90 நாள் கழிச்சு வாங்கங்கறார். நெசமாவே அப்படித்தானா?
– வாசகி, காங்கேயம் வட்டம்

நெசம்தான் அம்மணி. அது கடைக்காரர் போட்ட சட்டம் இல்லை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட விதி. ஒரு கம்பெனிக்குள் நுழைந்தால் 90 நாள் இருந்தாக வேண்டும், அதற்கு முன்னால் கம்பெனி மாற வேண்டும் என்று 1900-க்கு மெசேஜ் அனுப்பினாலும் முடியாது என்றுதான் பதில் வரும். புது சிம் உயிர் பெற்ற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், எண்ண வேண்டியது அந்தத் தேதியில் இருந்துதான்.

சரி, அதுவரைக்கும் ராத்திரியில் தொட்டிக்கு ஓட வேண்டாம். ஒரு வழி இருக்கிறது. உங்கள் வீட்டுக்குள் டவர் எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பழைய கம்பெனியிலேயே புதிதாக ஒரு சிம் வாங்கி, போனில் இரண்டாவது சிம் போடும் இடத்தில் போடுங்கள், இருப்பதிலேயே குறைந்த ரீசார்ஜ் போதும். அப்புறம் ஒரே ஒரு தடவை தொட்டிகிட்டப் போய் நின்று, போன் செட்டிங்கில் கால் ஃபார்வர்டிங் என்று இருக்கும், அதில் முதல் சிம்முக்கு ‘எல்லைக்கு வெளியே இருந்தால்’ என்ற இடத்தில் இந்தப் புது நெம்பரைக் கொடுத்துவிடுங்கள். இந்த ஏற்பாடு உங்கள் போனில் இல்லை, கம்பெனியின் கணினியில் பதிவாகிறது, அதனால் வீட்டுக்குள் முதல் சிம் செத்துக் கிடந்தாலும் உங்கள் வீட்டுக்காரர் எப்போதும் கூப்பிடும் அதே நெம்பருக்குக் கூப்பிட்டால் இரண்டாவது சிம்மில் மணி அடிக்கும். பேங்க் ஓடிபி மட்டும் இப்படித் திரும்பி வராது, அதற்குத் தொட்டிதான்.

கூடவே கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டு, வீட்டுக்குள் டவர் இல்லை என்று புகார் பதிந்து, அவர்கள் கொடுக்கும் புகார் எண்ணைக் கட்டாயம் எழுதி வையுங்கள். டவரில் கோளாறு இருந்து அது சரியாவதும் உண்டு. இன்னொன்று, மாமனார் கையில் இருப்பது பழைய பட்டன் போனா? சில கம்பெனிகளில் 2ஜி என்பதே கிடையாது, பேச்சும் 4ஜியில்தான் போகும். பழைய 2ஜி பட்டன் போனில் அந்த சிம்மைப் போட்டுக்கொண்டு தொட்டிகிட்ட நின்றாலும் கிணற்று மேட்டில் நின்றாலும் ஒன்றும் வராது. ஸ்மார்ட் போனாக இருந்தால் 4ஜியில் பேச வைக்கும் வோல்ட்டி என்ற ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பக்கத்துத் தோட்டத்தில் எடுப்பது உங்கள் வீட்டில் எடுக்க வேண்டும் என்று இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் வெவ்வேறு அலைவரிசையில் ஓடுகிறது. கீழ் அலைவரிசை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். மேல் அலைவரிசை வேகம் கொடுக்கும், ஆனால் காங்கிரீட்டுக்குள் நுழையத் திணறும். தகரக் கூரை போட்ட வீடு, ஷெட் என்றால் இன்னும் மோசம், இரும்புத் தகடு அலையைத் திருப்பி அனுப்பிவிடும். நடுவில் ஒரு கரடு நின்றால் அதற்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு ஒன்றுமே வராது.

எங்கள் அத்தை வீடு சென்னிமலை அடிவாரத்தில். அத்தைக்குப் போர்ட் பண்ணுவதற்கு முன்னால், அந்தக் கம்பெனி சிம் வைத்திருந்த அத்தை பையன் ஒருத்தனின் போனை வாங்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தோம். திண்ணையில் நாலு கோடு. நடையில் மூன்று. சமையல் கட்டில் ஒன்று, அதுவும் வந்து வந்து போனது. அத்தை பகலில் பாதி நேரம் இருப்பது சமையல் கட்டில்தான். அவரை அங்கே உட்கார வைத்துவிட்டு நான் வெளியில் இருந்து கூப்பிட்டுப் பேசிப் பார்த்தேன், குரல் நடுவில் அறுந்தது. அன்றைக்கே அந்தக் கம்பெனி வேண்டாம் என்று முடிவு பண்ணினோம், இன்னொன்றை இதே மாதிரி பார்த்துவிட்டு மாறினோம். கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் எங்கெங்கே 2ஜி, 4ஜி, 5ஜி எடுக்கும் என்று வரைபடம் போட வேண்டும் என்று டிராய் உத்தரவே இருக்கிறது, அதைப் பார்க்கலாம். ஆனால் உங்கள் சமையல் கட்டின் சுவர் எத்தனை இன்ச் என்று அந்த வரைபடத்துக்குத் தெரியாது. நடந்து பார்ப்பதுதான் நம்பகம்.

லாரியில் மகாராஷ்டிரா பக்கம் போனபோது போன் தொலைந்துவிட்டது. ஊருக்கு வந்து அதே நெம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கினேன். அடுத்த நாளே போர்ட் மெசேஜ் அனுப்பினால் நிராகரித்துவிட்டார்கள். பழிவாங்குகிறார்களா?
– வாசகர், நாமக்கல்

இல்லைங்க. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் விதி இது: சிம்மை மாற்றி வாங்கியிருந்தால் ஏழு நாள் கழியாமல், கம்பெனி மாறத் தேவையான போர்ட் கோட் தர மாட்டார்கள். யாரோ ஒருவர் உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி, உடனே அதை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோய், பேங்க் பணத்தை வழிக்கும் மோசடியைத் தடுக்க வந்த ஏற்பாடு. எட்டாம் நாள் அனுப்புங்கள், வந்துவிடும்.

பள்ளிபாளையத்துல தறி ஓட்டறேன். போர்ட் கோட் மூணு தடவை வாங்கிட்டேன், மூணு தடவையும் காலாவதி ஆகிப்போச்சு. கடையில கைரேகை மெசின்ல விரல் வெச்சா ‘பொருந்தவில்லை’ன்னே வருது. நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னு அலைய விடறாங்க. ஒரு நாள் கடைக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சுங்க.
– வாசகர், பள்ளிபாளையம்

உங்கள் கடிதம் படித்து மனசு கஷ்டமாக இருந்தது. விரல் தேய்ந்தது நூலைப் பிடித்துப் பிடித்து, அதற்காக உங்களைக் குற்றவாளி மாதிரி நாலு நாள் அலைய விடுவது சரியே இல்லை. தறிக்காரர், சாயப்பட்டறையில் வேலை செய்பவர், மஞ்சள் வேகவைப்பவர், மண்வெட்டி பிடிப்பவர் எல்லோருக்கும் இதே தொல்லை.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். கைரேகை ஒன்றுதான் வழி என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். அசல் அடையாள அட்டையையும் உங்களையும் நேரில் போட்டோ எடுத்து, ஓடிபி வாங்கிப் பதிகிற டிஜிட்டல் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையும் உண்டு. பல சின்னக் கடைகளில் அதற்கு நேரம் ஆகும் என்று செய்ய மாட்டார்கள், அதனால் நேராகக் கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குப் போங்கள், ஈரோட்டில் எல்லாக் கம்பெனிக்கும் இருக்கிறது. ஆதார் அட்டையின் அசலை எடுத்துக்கொண்டு போய், ‘என் விரல் மெசினில் விழாது, டிஜிட்டல் கேஒய்சியில் போட்டுக் கொடுங்க’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஈரத்துணியில் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிட்டு, கட்டை விரலுக்குப் பதில் மோதிர விரலை வைத்துப் பாருங்கள், அது அவ்வளவாகத் தேய்ந்திருக்காது.

கோட் விஷயம். போர்ட் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க நெம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்தில் ஒரு கோட் வருகிறது இல்லையா, முன்பெல்லாம் அது 15 நாள் செல்லும். 2019 டிசம்பர் 16 முதல் நாலே நாள்தான். வந்த மெசேஜிலேயே எந்தத் தேதி வரைக்கும் என்று போட்டிருக்கும். அதனால் வீட்டில் இருந்து கோட் வாங்கிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், கடையில் கேஒய்சி ஆகும் என்று உறுதியான பிறகு அங்கேயே நின்றுகொண்டு மெசேஜ் அனுப்புங்கள், பெரும்பாலும் உடனே வந்துவிடும். ரீசார்ஜ் தீர்ந்திருந்தாலும், மெசேஜ் வசதி இல்லாத பிளானாக இருந்தாலும் 1900-க்கு மட்டும் மெசேஜ் போக விட வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே டிராய் உத்தரவு போட்டுவிட்டது, போகவில்லை என்றால் அதுவே ஒரு புகார்.

ஒன்றை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும். என் அம்மாவைப் போர்ட் பண்ணக் கூட்டிக்கொண்டு போனபோது கடைப் பையன் ஐந்து தடவை விரல் வைக்கச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அம்மா சேலை முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். விழவில்லை, விழவில்லை என்றான். ஐந்தாவது தடவை ஆச்சு என்று சிம்மைக் கொடுத்தான். இரண்டு வாரம் கழித்து சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளத்தில் அம்மா நெம்பரைப் போட்டுப் பார்த்தால், அவர் பெயரில் நாங்கள் வாங்காத ஒரு நெம்பர் இருந்தது! ‘விழவில்லை’ என்று சொன்ன விரல்களில் ஒன்று எங்கேயோ விழுந்திருக்கிறது. அதே பக்கத்தில் ‘இது என் எண் இல்லை’ என்று குறித்துக் கொடுத்த பிறகுதான் அது துண்டானது. அந்த நெம்பரை வைத்து யாராவது மோசடி பண்ணியிருந்தால் போலீஸ் வந்து நிற்பது எங்கள் வீட்டு வாசலில். நீங்கள் பல நாள், பல தடவை விரல் வைத்திருக்கிறீர்கள். இன்றைக்கே மகனையோ மகளையோ விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் நெம்பரும் அதற்கு வரும் ஓடிபியும் போதும், காசு கிடையாது.

மருமகள் பாலக்காட்டுப் பெண். அவளுடைய கேரள நெம்பரை மாற்றாமல் இங்கே தமிழ்நாட்டுக் கணக்குக்குக் கொண்டுவர முடியுமா?
– வாசகர், பொள்ளாச்சி

தாராளமாக. 2011 ஜனவரி 20-ல் இந்த வசதி நாடு முழுக்க வந்தபோது ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள், அதாவது பெரும்பாலும் ஒரே மாநிலத்துக்குள் மட்டும்தான் மாற முடியும், 2015 ஜூலை 3 முதல் எந்த மாநில நெம்பரையும் எங்கேயும் கொண்டுபோகலாம். பொள்ளாச்சிக் கடையிலேயே கொடுங்கள். ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாள் ஆகும், இது வட்டம் தாண்டுவதால் ஐந்து வேலை நாள்.

பனியனுக்கு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சின்ன யூனிட் என்னுடையது. போஸ்ட்பெய்டில் பத்து வருஷமாக இருக்கும் நெம்பர். பையர், பேங்க், ஜிஎஸ்டி எல்லாம் அதில்தான். மாறினால் எத்தனை நாள் செத்துக் கிடக்கும் என்று பயந்தே மாறாமல் இருக்கிறேன்.
– வாசகர், திருப்பூர்

நாள் கணக்கில் இல்லைங்க. மாற எடுக்கும் அந்த மூன்று வேலை நாளும் பழைய சிம் வழக்கம் போல ஓடிக்கொண்டிருக்கும், மாற்றம் நடக்கும் அந்தச் சில மணி நேரம்தான் இரண்டும் இருக்காது, அதிகபட்சம் நாலு மணி நேரம் என்று கணக்கு, பெரும்பாலும் ராத்திரியில் நடக்கும். எந்தத் தேதி, எத்தனை மணி என்று முன்கூட்டியே மெசேஜ் வரும். பழைய சிம்மில் டவர் போனதும் புதுசைப் போட வேண்டியதுதான்.

ஆனாலும் நாளைப் பார்த்துக் கொடுங்கள். சனிக்கிழமை சம்பளம் போடுகிற ஊர் நம்முடையது, வெள்ளி ராத்திரியோ சனிக்கிழமையோ மாறுகிற மாதிரி விண்ணப்பித்துவிட்டு, ஆட்கள் வரிசையில் நிற்கும்போது பேங்க் ஓடிபிக்காகக் காத்திருக்கக் கூடாது. திங்கள்கிழமை காலையில் கடையில் கொடுத்தால் வாரத்தின் நடுவில் முடிந்துவிடும். வாட்ஸ்அப்புக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், நெம்பர் அதேதானே. யூபிஐ ஆப்கள் சிம் மாறியதைக் கண்டுபிடித்து மறுபடி சரிபார்க்கச் சொல்லும், புது சிம்மில் இருந்து ஒரு மெசேஜ் போனால் முடிந்தது.

உங்களுக்கு முக்கியமானது பில். போஸ்ட்பெய்டில் கெடு தாண்டிய பாக்கி ஒரு ரூபாய் இருந்தாலும் கோட் வராது. அதைக் கட்டிவிட்டு மாறினாலும், மாதத்தின் நடுவில் மாறினால் அந்த மீதி நாளுக்கு ஒரு கடைசி பில் பின்னால் வரும். நிறையப் பேர் ‘அந்தக் கம்பெனியைத்தான் விட்டாச்சே’ என்று அதைக் கட்டாமல் விடுகிறார்கள். அப்படி விட்டால் பழைய கம்பெனி புதுக் கம்பெனிக்குச் சொல்லி உங்கள் நெம்பரை நிறுத்த வைக்க விதியில் இடம் இருக்கிறது. பில் வரும் மின்னஞ்சல் எது என்று இப்போதே பார்த்து வையுங்கள். நெம்பர் யூனிட்டின் பெயரில் இருந்தால் அது கார்ப்பரேட் கணக்கு, கம்பெனியின் ஒப்புதல் கடிதம் கேட்பார்கள், ஐந்து வேலை நாளும் ஆகும்.

போர்ட் மெசேஜ் அனுப்பின அரை மணி நேரத்தில் இருந்து பழைய கம்பெனியில் விடாமல் கூப்பிடுகிறார்கள். ‘உங்க நெம்பரே போயிரும் சார்’ என்றுகூட ஒரு பெண் சொன்னார். ஓய்வு பெற்ற ஆசிரியர் நான், பென்ஷன் எல்லாம் அந்த நெம்பரில். பயந்து ஒரு வருஷத்துக்கு ரீசார்ஜ் பண்ணிவிட்டேன்.
– வாசகர், கோபி

ஐயா, நெம்பர் போகாது. அப்படிச் சொல்லிப் பயமுறுத்துவது தப்பு, யார் சொன்னார்கள், எந்தத் தேதி என்று எழுதிப் புகார் கொடுக்கலாம். கோட் வாங்கியதாலேயே எதுவும் நடந்துவிடாது, நாலு நாளில் அது தானாகக் காலாவதியாகும். கடையில் விண்ணப்பமே கொடுத்துவிட்டு மனசு மாறினாலும், 24 மணி நேரத்துக்குள் கேன்சல் என்று ஆங்கிலத்தில் அடித்து நெம்பரோடு 1900-க்கு அனுப்பினால் நின்றுவிடும்.

நீங்கள் போட்ட வருஷ ரீசார்ஜ்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பழைய கம்பெனியில் இருக்கும் பேலன்ஸும் மீதி நாளும் புதுக் கம்பெனிக்கு வராது, மாறினால் அது அங்கேயே போனதுதான். அதனால் இப்போது மாறாதீர்கள், இந்த வருஷம் ஓடட்டும். முடியும்போது ஒன்று கேளுங்கள்: இன்டர்நெட் இல்லாமல் பேச்சும் மெசேஜும் மட்டும் உள்ள பிளான். 2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த திருத்தத்தால் ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். கடைகளில் அதை அவர்களாக எடுத்துச் சொல்வதில்லை. வீட்டில் பேரன் வைஃபை போட்டிருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் உங்களுக்கு டேட்டாவுக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை.

ஐந்து நாளாகப் பழைய சிம்மும் இல்லை, புது சிம்மும் இல்லை. புதுக் கம்பெனியில் கேட்டால் பழைய கம்பெனி விடவில்லை என்கிறார்கள், அங்கே கேட்டால் நாங்கள் விட்டாச்சு என்கிறார்கள். யாரைப் பிடிப்பது?
– வாசகி, கரூர்

புதுக் கம்பெனியைப் பிடியுங்கள். பழைய சிம் செத்துவிட்டது என்றால் அவர்கள் விட்டாச்சு என்று அர்த்தம், இனிமேல் நெம்பரை உயிர்ப்பிக்க வேண்டியது புதியவர்கள் வேலை. முதலில் சிம்மை முதல் இடத்தில் போட்டு, போனை அணைத்துப் போட்டு, வேறு ஒரு போனிலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், சிம்மே பழுதாக இருக்கலாம், ஷோரூமில் மாற்றித் தருவார்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் வாயால் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை, எழுத்தில் இறங்க வேண்டும். வேறு போனில் இருந்து கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள். சொன்ன கெடுவுக்குள் சரியாகாவிட்டால், அல்லது கொடுத்த பதில் திருப்தி இல்லை என்றால், 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு மனுப் போடலாம், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும், மின்னஞ்சல் முகவரி கம்பெனி இணையதளத்தில் இருக்கும். டிராய்க்கு நேராக எழுதாதீர்கள், தனிப்பட்டவர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. அதற்குப் பதில் 1915-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம்.

ஐந்து நாளில் ஆர்டர் போயிற்று, பேமென்ட் தவறியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நஷ்டஈடு வேண்டும் என்றால் கரூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. போன் கம்பெனி மேல் வழக்கை நுகர்வோர் மன்றம் எடுக்க முடியாது என்று முன்பு வாதாடிக்கொண்டிருந்தார்கள், 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஐந்து லட்ச ரூபாய் வரைக்கும் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. புகார் எண், கடையில் கொடுத்த ரசீது, போர்ட் கோட் வந்த மெசேஜின் படம், இந்தத் தேதியில் மாறும் என்று வந்த மெசேஜின் படம், இந்த நாலும் கையில் இருக்கட்டும். மெசேஜ் எல்லாம் பழைய போனில் இருப்பதாகச் சொல்கிறீர்கள், அதை யாருக்காவது கொடுத்துவிடுவதற்கு முன்னால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.